கூரையில் நீந்தும் மீன்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரைக் கல்லில் இரண்டு மீன்கள் தெரியும். விளக்குப் புகை ஏறிக் கல்லும் மீனும் ஒரே கருப்பாகிவிட்டன. வாசல் வெளிச்சம் அவற்றின் முதுகில் விழும்படி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால்தான் செதிலும் வாலும் பிடிபடும். சின்ன வயதில் அதைக் காட்டித் தந்தது ஆச்சி.

"மேல பாருலே, மீனு தெரியுதா? அது மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கம் புதையல் இருக்குன்னு சொல்லுவாவ."

மீன் பார்த்த பக்கம் நந்தி படுத்திருந்தது. நந்திக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று பத்து வயதுவரை உறுதியாக நம்பினேன். பாண்டிய நாட்டில் கூரையில் மீன் இருக்கிற கோயிலெல்லாம் இந்தக் கதையும் சேர்ந்தே இருக்கும். மீன் ஒன்றுதான், புதையல் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

அதே மீனை இன்னொரு உருவில் பார்க்க முப்பது வருஷம் ஆயிற்று. பாளையங்கோட்டையில் பழங்காசு சேர்க்கும் நண்பர் ஒருவர் என் உள்ளங்கையில் சதுரமான செம்புத் துண்டு ஒன்றை வைத்தார். நகத்தளவுக்குக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் யானை. புரட்டினால் நாலைந்து கோடுகள்.

"என்ன தெரியுது, சொல்லும்."

"கோலத்துல பாதி அழிஞ்ச மாதிரி இருக்கு."

"மீனுவே அது!"

அவர் சொன்ன பிறகு மீனைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கோடுகள் அதே கோடுகள்தான், என் கண்ணும் அதே கண்தான். நடுவில் ஒரு சொல் வந்து விழுந்தது, அவ்வளவே. சங்ககாலப் பாண்டியர் காசு என்று நாணயவியலார் வகைப்படுத்தும் சதுரச் செம்புக் காசுகள் பலவற்றின் பின்பக்கத்தில் இருப்பது இந்தக் கோட்டு மீன்தான். கூரையில் நீந்துவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அது காசில் நீந்தியிருக்கிறது.

பார்த்தவுடன் மீன் என்று தெரிகிற மீனுக்கும், யாராவது சொன்னால்தான் தெரிகிற மீனுக்கும் உள்ள இடைவெளியில்தான் குறியியல் என்ற படிப்பே உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கரான சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914) குறிகளை அவை பொருளோடு உறவு கொள்ளும் விதத்தை வைத்துப் பிரித்தார். எழுத்தைப் பார்த்துப் படித்தால் பியர்ஸ் என்று வரும்; ஆனால் அவர் பெயரைச் சொல்ல வேண்டியது பர்ஸ் என்றுதான். காசைப் பற்றிய கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கூரைக் கல்லில் செதிலும் வாலுமாக இருப்பது சாயலால் பேசுகிற குறி. சாயல் இல்லாமல், ஒட்டுறவால் பேசுகிற குறி இன்னொன்று. பாபநாசத்தில் ஆறு செம்மண் நிறமாக இறங்கினால் மலையில் மழை என்று படித்துறையில் நிற்பவருக்குத் தெரியும். திருநெல்வேலிக்காரர்கள் குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று கேட்டுத்தான் வெள்ளத்தின் அளவைப் புரிந்துகொள்வார்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்தக் கோயிலுக்கும் மழைக்கும் முகச்சாயல் எதுவும் கிடையாது, மழை வந்து அதைத் தொடுகிறது. மூன்றாவது வகையில் சாயலும் வேண்டாம், தொடுகையும் வேண்டாம், பலபேர் ஒத்துக்கொண்டால் போதும். 'மீன்' என்ற ஒலியில் ஈரமும் இல்லை, கவிச்சி வாடையும் இல்லை. ஆனாலும் சந்தையில் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கத்தரிக்காய் வாங்கி வந்ததில்லை.

செம்புக் காசின் மீன் முதல் வகையில் பிறந்து மூன்றாவது வகைக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒன்று. அச்சு வெட்டுகிறவர் காசுக்குக் காசு கோட்டைக் குறைத்துக்கொண்டே போயிருக்க வேண்டும். வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் அது இன்னாருடைய மீன் என்று தெரிந்த பிறகு செதில் எதற்கு?

அந்தக் காசு எங்கே அடிக்கப்பட்டது என்று காசு சொல்லாது. ஆனால் தாமிரபரணியின் கடைசிப் பகுதியில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. கொற்கையில் இருக்கும் சிவன் கோயிலின் சுவாமிக்குப் பெயர் அக்கசாலை ஈஸ்வரமுடையார். அக்கசாலை என்றால் பொன்வேலையும் காசு அடிப்பும் நடக்கும் இடம். உலைகள் போய்விட்டன, பெயர் நிற்கிறது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வாழையும் நெல்லுமாகக் கிடக்கிற சிற்றூர். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் துரத்திவிட்டது. கிரேக்க மொழியில் முதல் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு இதைக் கொல்கி என்கிறது. இங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்றும் சொல்கிறது. 1968–69 அகழாய்வில் கிடைத்த கரிமத்தின் காலம் கி.மு. 785 என்று வந்தது. கடலும் மீனும் முத்தும் வாசலில் கிடந்த ஊரில் ஓர் அரச குலம் மீனைத் தன் பொறியாக எடுத்துக்கொண்டது ஆச்சரியமில்லை.

பொறி என்ற சொல்லிலேயே கொஞ்சம் நிற்கலாம். தீயிலிருந்து தெறிப்பதும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி, கண்ணும் காதும் பொறி, அரசன் இடும் அடையாளமும் பொறி. அரசனின் பொறி எப்படி வேலை செய்தது என்பதற்குப் பட்டினப்பாலை நல்ல சாட்சி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய, ஏறப்போகிற மூட்டைகள்மேல் சோழனின் புலியைப் பொறித்து அனுப்பிய சுங்கக்காரர்களை அது காட்டுகிறது. அங்கே புலி என்றால் காட்டு விலங்கு இல்லை. 'பார்த்தாயிற்று, போகலாம்' என்று பொருள். புலியைப் பார்த்து மூட்டைக்காரன் பயப்படவில்லை, புலி இல்லாத மூட்டையை வைத்திருப்பவன்தான் பயந்திருப்பான்.

செம்புக் காசுகளில் வாய் திறந்து பேசிய ஒன்றும் உண்டு. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டெடுத்து வெளியிட்ட காசு அது. ஒரு பக்கம் குதிரையும், தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரும். மறுபக்கம் அதே கோட்டு மீன். வழுதி என்பது பாண்டியர் பெயர். அதுவரை, மீன் இருப்பதால் இது பாண்டியர் காசு என்று ஊகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரே செம்புத் துண்டில் படமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லக் கிடைத்தன. படத்தை நம்பாதவன் எழுத்தைப் படிக்கட்டும், எழுத்துத் தெரியாதவன் மீனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓர் அரசன் நினைத்திருக்கிறான். சந்தையில் இரண்டாவது வகையினர்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

மீனின் வாழ்க்கையில் மிகப் பெரிய விபத்து பத்தாம் நூற்றாண்டில் நடந்தது. அது புலியின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கப்பட்டது.

உத்தம சோழனின் காசில் புலிக்கு எதிரே ஒரு மீன் இருக்கிறது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு வளையத்தைப் பூட்டியிருக்கும் முத்திரையில் உட்கார்ந்திருக்கும் புலி, இரண்டு மீன், ஒரு வில்; மேலே வெண்கொற்றக் குடை, இரு பக்கமும் சாமரம். மீனைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் பாண்டியன் வைத்துக்கொண்ட மீனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. துடுப்பைக் குறைக்கவில்லை, தலைகீழாகத் தொங்கவிடவில்லை, வாயில் தூண்டில் மாட்டவில்லை. பக்கத்தில் குடைக்குக் கீழே ஒரு புலி இருக்கிறது, அது போதும். 'நான் பாண்டியன்' என்று சொல்லிக்கொண்டிருந்த மீன் இப்போது 'பாண்டியன் என் கையில்' என்று சோழனுக்காகச் சொல்கிறது.

சுவிட்சர்லாந்தின் மொழியியலாளர் பெர்டினான் சொசூர் இதை மொழிக்குச் சொன்னார். அவர் 1913-இல் இறந்த பிறகு, மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளை வைத்து 1916-இல் தொகுத்து வெளியிட்ட நூலில், ஒரு குறியின் மதிப்பு அதற்குள்ளேயே கிடையாது, அது மற்றக் குறிகளிலிருந்து வேறுபடுவதிலும் அவற்றோடு நிற்கும் நிலையிலும் கிடைக்கிறது என்ற கருத்து வருகிறது. மீன் என்றால் என்ன? புலி அல்லாதது, வில் அல்லாதது. தமிழ் மூவேந்தரின் சின்னங்களைப் போல இதற்கு ஒழுங்கான உதாரணம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. மூன்றே மூன்று குறிகள் கொண்ட ஒரு மொழி அது. அந்த மொழியில் சோழன் ஒரு முழு வாக்கியம் எழுதினான்: நடுவில் எழுவாய், ஓரத்தில் செயப்படுபொருள்.

குறிக்கும் பொருளுக்கும் இயற்கையான கட்டாயம் எதுவும் இல்லை என்பது சொசூரின் இன்னொரு கருத்து. இதைச் சொன்னால் நம் ஊரில் உடனே ஒருவர் தொல்காப்பியத்தை எடுத்துவருவார். சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் விளங்காது என்று உரியியலில் இருப்பது உண்மைதான். ஆனால் காரணம் விளங்காது என்பதும் காரணமே கிடையாது என்பதும் ஒன்றல்ல. தொல்காப்பியர் கவனமாகப் பேசுகிறவர், அவர் வாயில் சொசூரைத் திணிக்க வேண்டாம்.

சோழர் கைக்கு வந்த தாமிரபரணிக் கரையில் படங்கள் மட்டும் இடம் மாறவில்லை. சேரன்மகாதேவி கல்வெட்டுகளில் நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. பாண்டிய நாட்டை ஆள அனுப்பப்பட்ட சோழ இளவரசர்கள் சோழ பாண்டியர் என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மன்னார்கோயிலில் கல்வெட்டாக நிற்கும் சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன் அவர்களில் ஒருவன். சடையவர்மன் என்பது பாண்டியர் மாறி மாறி வைத்துக்கொள்ளும் பட்டம். தோற்றவனின் மீனை முத்திரையில் வைத்துக்கொண்டவர்கள் அவன் பட்டத்தையும் போட்டுக்கொண்டார்கள். எதிரியை அழித்துவிட்டால் குறி செல்லாக்காசாகிவிடும், அடக்கி வைத்துக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு என்பது அந்த அரண்மனைக் கணக்கர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் திரும்பி எழுந்தபோது மீன் புலியிடமிருந்து பிரிந்து வந்தது. இப்போது அது பெரும்பாலும் இரட்டை மீன், நடுவில் செண்டு என்ற வளைகோல். 'சோணாடு கொண்டான்' என்று எழுதிய காசுகளும் இந்தக் காலத்தவை. படம் சொன்னதை எழுத்து இன்னும் உரக்கச் சொல்லிற்று. சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கையில் வென்று திருகோணமலையில் கயலைப் பொறித்ததாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு பேசுகிறது. திருகோணமலையில் பிரெடரிக் கோட்டை வாசலுக்குப் போகிறவர்கள் அங்கே கல்லில் இரட்டை மீனை இன்றும் பார்க்கலாம். போர்த்துகீசியர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். வெற்றிச் சின்னமாகப் போன மீன் கடைசியில் வேறொருவன் கோட்டைக்கு வாசற்கல் ஆயிற்று.

இமயத்தில் கயல் பொறித்ததாகவும் பாண்டியரைப் புகழ்வார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொல்ல யாருக்கும் வசதி இருந்திருக்காது. பொய் சொல்லப் பயன்படக்கூடிய எல்லாவற்றையும் படிப்பதே குறியியல் என்று இத்தாலியரான உம்பர்த்தோ எக்கோ 1970களில் எழுதினார். நம் புலவர்களை அவர் படித்திருக்க வேண்டும்.

பாண்டியரின் கடைசிக் கிளை தென்காசியில் தங்கியது. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே காசி விசுவநாதர் கோயிலை எழுப்பினான். அதற்குப் பிறகு மீனுக்கு ஆதரவில்லை. நாயக்கர் வந்தார்கள், பாளையங்கள் வந்தன, நவாபு வந்தார், கும்பினி வந்தது. காசுகளை உருக்கிப் பாத்திரம் செய்தார்கள், ஆற்று மணலில் தவறவிட்டார்கள். கூரைக் கல்லில் இருந்ததை மட்டும் யாராலும் உருக்க முடியவில்லை. அது அங்கேயே இருந்தது, ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள்.

ஆச்சி சொன்ன புதையலை இந்த இடத்தில்தான் நான் வைத்துப் பார்க்கிறேன். அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது ஒரு நேர்மையான வாசிப்பு. கோயில் கூரையில் எதற்காக மீன்? சாமிக்கும் மீனுக்கும் நேரடி உறவு இல்லை. யாரோ காரணத்தோடுதான் வெட்டியிருக்க வேண்டும். பழைய ராசாவுடையது என்று மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது. ராசா என்றால் பொன். மீனுக்கு முகம் இருக்கிறது, முகம் என்றால் ஒரு திசை. ஆகவே அது காட்டுகிறது. பர்ஸின் பிரிவில் சொன்னால், ஒப்பந்தம் மறந்துபோன குறியை ஆச்சிகள் கைகாட்டி மரமாக மாற்றிவிட்டார்கள். கல்லில் இருப்பது எதையும் சொல்லாமல் சும்மா இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனித மனசுக்கு முடிவதில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து போன்றவர்கள் நாட்டார் வழக்காறுகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தது, இந்த மாதிரிக் கதைகளில் சரி தப்பைவிட அவை எப்படிக் கட்டப்படுகின்றன என்று பார்க்கக் கற்றுத் தந்தது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-இல் வந்து, சொசூரின் பெயர் தமிழ் இலக்கியச் சண்டைகளில் புழங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான்.

செம்பு மீனை மறுபடி கையில் எடுத்தவர்கள் பாதிரிமார். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1870களில் கொற்கையையும் காயலையும் தேடிப்போய்ப் பார்த்து எழுதினார். வேலூரில் இருந்த டென்மார்க்குப் பாதிரியார் லோவெந்தால் 1888-இல் திருநெல்வேலிக் காசுகளுக்கென்றே ஒரு சிறு நூல் வெளியிட்டார். எதையும் வாங்க முடியாத நிலைமைக்கு வந்தபிறகுதான் அந்தக் காசுகளுக்கு விலை ஏறியது. அரசனைச் சுட்டிய மீன் இப்போது 'பழமை' என்பதைச் சுட்டியது. சுரண்டித் துலக்கினால் விலை குறையும், பச்சைக் களிம்போடு இருந்தால் கூடும் என்று என் நண்பர் சொல்வார். அழுக்கே ஒரு குறிதான்.

மீனின் பயணத்தைப் பின்னோக்கி நீட்டப் பார்த்தவர்களும் உண்டு. சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி வரும் குறிகளில் ஒன்று மீன். பம்பாயில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் ஹீராஸ் அதைத் தமிழ்க் காதால் கேட்டார். மீன் என்றால் தண்ணீரில் இருப்பதும் மீன், வானத்தில் இருப்பதும் மீன். ஒன்றை வரைந்து மற்றதைச் சொல்லியிருக்கலாமே? பின்லாந்தின் அஸ்கோ பர்ப்போலா இதை வளர்த்தெடுத்தார்: ஆறு கோடும் மீனும் சேர்ந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை. ஏழு கோடும் மீனும் என்றால் எழுமீன். அழகான ஊகம். படம் சாயலை விட்டுவிட்டு ஒலிக்குத் தாவும் இடத்தில்தான் எழுத்து பிறக்கிறது என்பதற்கு இதைவிட இனிப்பான உதாரணம் தமிழனுக்குக் கிடைக்காது. இனிப்பாக இருக்கிறது என்பதாலேயே நான் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன், அந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக கா. ராஜனும் ர. சிவானந்தமும் செய்த ஆய்வு வெளியாயிற்று. தமிழ்நாட்டில் 140 இடங்களில் கிடைத்த 15,184 பானையோடுகளின் கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட வேலை அது. அப்போதுதான் சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று முதலமைச்சர் அறிவித்தார். கீறல்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது ஒன்று; ஒரே பொருளைச் சொன்னவை என்பது வேறு. சோழ முத்திரையில் மீன் கற்றுத் தந்த பாடம் இது.

மீன் இப்போதும் வேலையில்தான் இருக்கிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு முன்னால் 1999-இல் மூன்று மீன் சிலை வைத்தார்கள். கட்டட வேலைக்காக அதை எடுத்தபோது திரும்ப வைக்கச் சொல்லி வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. பாண்டியன் யாரும் மனுப் போடவில்லை, ஊர்க்காரர்கள் போட்டார்கள். ஓர் அரச குலத்தின் முத்திரை ஓர் ஊரின் முகமாகிவிட்டது.

எங்கள் ஊர்க் கோயிலிலும் சில வருஷத்துக்கு முன் திருப்பணி நடந்தது. முன்மண்டபக் கூரை மழைக்கு ஒழுகியது. செயின் போட்டுக் கற்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மீன் கல்லும் இறங்கியது. முதல்முறையாக அதை இடுப்பு உயரத்தில் வைத்துப் பார்த்தேன். செதில்களை அவ்வளவு நிதானமாக வெட்டியிருந்தான் அந்தத் தச்சன். நந்திக்கு அடியிலும் தளம் சரிபார்க்கத் தோண்ட வேண்டியிருந்தது. அன்றைக்குக் கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். யாரும் வாயைத் திறந்து எதையும் கேட்கவில்லை, எல்லோரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்று மணலும் ஓட்டாஞ்சில்லும் வந்தன. குழியை மூடினார்கள்.

கூரைக் கற்களைத் திரும்ப ஏற்றியபோது மீன் கல் திசை மாறி உட்கார்ந்துவிட்டது. இப்போது அதன் முகம் மடைப்பள்ளிப் பக்கம். போன மாசம் போயிருந்தபோது ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தாள். நந்திக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போனதற்கு அவளிடம் காரணம் இருந்தது. மீன் அப்போது பார்த்த பக்கமே தப்பாம். இருப்பதெல்லாம் மடைப்பள்ளி அடுப்புக்குக் கீழேதானாம்.